முதுகை நிமிர்த்தப் போன ஐந்து சனிக்கிழமைகள்

முப்பத்திநான்கு வயது வரைக்கும் என் முதுகைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. வட்டக்கச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கும் தேகாப்பியாசமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். கணக்கில் எனக்குப் பெரிய பெயர் இல்லை. என் மானமெல்லாம் தேகாப்பியாசத்தில்தான் தங்கியிருந்தது. காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வெள்ளைக் காற்சட்டையும் கன்வஸ் சப்பாத்துமாக அவர்களுக்கு முன்னால் போய் நின்று, "நிமிர்" என்று ஒரு சொல் சொல்லுவேன். சொல்லிவிட்டு நானே நிமிர்ந்து காட்டுவேன். நெஞ்சு முன்னுக்கு, தோள் பின்னுக்கு, நாடி மேலே. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வந்து வயல் செய்கிற தகப்பன்மார் மண்வெட்டியோடு வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பார்கள். வியந்து பார்க்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருட விளையாட்டுப் போட்டியில் கடைசி நிகழ்ச்சி கயிறிழுத்தல். ஆசிரியர்கள் ஏழு பேர் ஒரு பக்கம், பெற்றார் ஏழு பேர் மறுபக்கம். கயிறிழுத்தலைப் பற்றி நான் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். கடைசியில் நிற்பவன்தான் நங்கூரம், அவன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. இதை மற்ற ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் விளக்கிவிட்டு, நங்கூரமாக நானே போய் நின்றேன். எதிர்ப்பக்கத்தார் எந்தப் புத்தகமும் படித்தவர்கள் இல்லை. வாயில் வெற்றிலையோடு, ஏதோ கதைத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தார்கள்.

விசில் ஊதியது. நாங்கள் ஏழு பேரும் உயிரைக் கொடுத்து இழுத்தோம். கயிறு அசையவில்லை. அவர்கள் கதையையும் நிற்பாட்டவில்லை. அப்போது அவர்களில் ஒருவர் என்னவோ சொன்னார். மற்ற ஆறு பேரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். சிரித்ததில் அவர்கள் கை தளர்ந்துவிட்டது. நான் இருந்த வாக்கில், பின்பக்கம் அடிபட, கிறவல் கல் நிலத்தில் விழுந்தேன். மற்ற ஆறு ஆசிரியர்களும் ஒருவர் பின் ஒருவராக என் மேல் விழுந்தார்கள்.

விதிப்படி வென்றது நாங்கள்தான். பரிசு ஒரு வாழைக்குலை. நங்கூரம் என்றபடியால் அதை வாங்க நான் போனேன். குனிந்து குலையைப் பிடித்தேன். பிறகு நிமிர முடியவில்லை. பள்ளிக்கூட அதிபரைக் கும்பிடுவதுபோலப் பாவனை செய்து அப்படியே குனிந்தபடி மைதானத்தை விட்டு வந்தேன். மிகவும் பணிவான மனிதர் என்று புதிதாக வந்த ஒரு ஆசிரியை சொன்னாராம்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி அப்போதிக்கரி பார்த்துவிட்டு, எலும்பு ஒன்றும் முறியவில்லை, பூசுவதற்கு எண்ணெய் தருகிறேன், இரண்டு கிழமை, பதினாலு நாளும், படுத்திருங்கள் என்றார். சரியான ஆலோசனைதான். நான்தான் இரண்டு நாள் படுத்துவிட்டு மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போனேன். படுத்திருந்தால் விழுந்தது உண்மை என்றாகிவிடும் அல்லவா? ஒன்றரை மாதம் கதிரையில் இருக்க முடியாமல், நிற்கவும் முடியாமல், கரும்பலகையில் சாய்ந்துகொண்டு கணக்குப் படிப்பித்தேன். என் சட்டையின் பின்பக்கம் முழுக்கப் பிள்ளைகள் அழிக்காத பின்னங்கள் பதிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். பரந்தன் சந்திக்கு லொறியில் வரும் மீனை எடுத்து சைக்கிளில் எங்கள் பக்கம் விற்பார். ஒரு நாள் என் மனைவி மீன் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கையில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மாஸ்ரருக்கு நாரி இன்னும் சரிவரேல்லையோ?"

இடுப்பின் பின்புறத்தை நாங்கள் நாரி என்போம். "அது சும்மா ஒரு பிடிப்பு" என்றேன், தூணைப் பிடித்துக்கொண்டு.

"எங்கடை ஊரிலை ஒரு அண்ணை இருக்கிறார். கரைவலை இழுக்கிறவர். வலை இழுக்கிற எல்லாற்றை நாரியையும் அவர்தான் பாக்கிறவர். மருந்து மாயம் ஒண்டுமில்லை. கையாலைதான். பெண்டுகளை அவரின்ரை மனிசி பாப்பா."

நான் மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். என் மனைவி அதற்கு முன்னமே சொல்லிவிட்டாள். "வாற சனிக்கிழமை வருவார்."

சனிக்கிழமை காலை பரந்தனில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். இருந்தால் நாரி நோகும் என்று நின்றே போனேன். தர்மபுரத்தில் ஒரு பழைய மாணவன் எழுந்து இடம் தந்தான். "வேண்டாம் தம்பி, எனக்கு நிண்டு போறதுதான் பழக்கம்" என்றேன். அவன் மரியாதையோடு தானும் நின்றுகொண்டான். இறங்கும் வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த இடம் வெறுமையாகவே வந்தது.

மீன்காரர் சொன்ன அண்ணையின் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். மணலில் பாய் விரித்திருந்தது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டையானவர். கழுத்தில் ஒரு சிறு சிலுவை, முழங்கைக்குக் கீழே என் தொடையளவு கை. அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் மனைவிதான். அவர் உயரமான, மெலிந்த பெண்மணி. கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். வலை இழுத்துவிட்டு வந்த நான்கைந்து பேர் நிழலில் இருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள்.

"அந்தத் தென்னை மட்டும் நடந்து போட்டு வாங்கோ" என்றார் அவர் மனைவி.

நடக்கச் சொன்னால் நான் விடுவேனா? நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, தேகாப்பியாச நடை நடந்து போய்த் திரும்பி வந்தேன். வலியில் கண்ணில் நீர் நின்றது. முகத்தில் காட்டவில்லை.

"இப்ப மாஸ்ரர் மாதிரி நடந்தியள். இனி உங்கடை மாதிரி ஒருக்கா நடவுங்கோ."

எனக்கு வேறு நடை தெரியாது. அப்படியே நின்றேன். நிழலில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து மற்றப் பக்கம் திரும்பி இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்கும் தெரியும்.

"நெஞ்சை ஏன் இப்பிடித் தள்ளி வைச்சிருக்கிறியள்? ஆரும் அடிக்க வருகினமோ?"

"இதுதான் அக்கா சரியான நிலை" என்றேன்.

"ஓமோ?" என்றார்.

எப்படி வந்தது என்று கேட்டபோது நான் ஒரு கதை வைத்திருந்தேன். பஸ்ஸில் நின்று வரும்போதே யோசித்து வைத்தது. "வண்டில் சில்லு வாய்க்காலுக்கை இறங்கிப் போச்சுது. தனிய நிண்டு தூக்கினனான்."

அவர் தன் கணவரைப் பார்த்தார். கணவர் வந்து என் முதுகில் மேலிருந்து கீழே ஒரு விரலை மட்டும் மெதுவாகக் கொண்டு போனார்.

"வண்டில் தூக்கினா இப்பிடி வராது" என்றார். "இருந்த வாக்கிலை விழுந்திருக்கிறியள்."

"இல்லை."

"சரி, வண்டில்தான்" என்றார். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பாயைத் தூக்கி, மணலில் என் வயிற்றுக்கு ஒரு பள்ளமும் முகத்துக்கு ஒரு பள்ளமும் தோண்டி, மறுபடி பாயை விரித்துக் குப்புறப் படுக்கச் சொன்னார். அந்தப் பள்ளங்கள் எனக்கு அளவெடுத்ததுபோல இருந்தன. வயிற்றுக்குத் தோண்டியது நான் எதிர்பார்த்ததை விடக் கொஞ்சம் ஆழம்.

எலும்பு 'டக்' என்று சத்தம் போடும், உடனே எழும்பி நடப்பேன், பின்னேர பஸ்ஸில் வீடு, இதுதான் என் எண்ணம். அவர் முதலில் என் காலடியைப் பிடித்தார். பிறகு குதிக்கால். பிறகு கெண்டைக்கால். அரைமணி நேரம் போய்விட்டது.

"அண்ணை, எனக்கு நோகிறது நாரியிலை" என்று பள்ளத்துக்குள் இருந்து சொன்னேன்.

"ஓம். நோகிறது அங்கை. பிடிச்சிருக்கிறது இஞ்சை."

அவர் தடவவில்லை, உருவவும் இல்லை. முழங்கையைத் தொடையின் பின்பக்கத்தில் வைத்துப் பாரத்தை மெல்ல மெல்ல இறக்கினார். இறக்கிவிட்டுச் சும்மா இருந்தார். சதை வழிவிடும் வரைக்கும் காத்திருந்தார். வழிவிட்டதும் ஒரு விரற்கடை மேலே போனார். மறுபடி காத்திருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"மூச்சை விடுங்கோ."

"விட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

"இல்லை. வாங்கி வைச்சிருக்கிறியள்."

பார்த்தால் உண்மைதான். முப்பத்திநான்கு வருடமாக மூச்சு விடுகிறேன், அதையும் இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. விட்டேன். விட்டபோது முழங்கை தானாக உள்ளே இறங்கியது. அப்போது நான் போட்ட சத்தத்துக்குக் கொட்டிலுக்கு வெளியே ஒரு காகம் பறந்தது.

எழும்பியபோது நாரி நோவு அப்படியே இருந்தது. எத்தனை தரம் வரவேண்டும் என்று கேட்டேன்.

"அஞ்சு சனி வாங்கோ. விழுந்தது இப்பதான். ஆனா பிடிப்பு கனகாலத்துப் பிடிப்பு. நாளைக்கும் நாளையிண்டைக்கும் உடம்பெல்லாம் நோகும். பயப்பிடாதேங்கோ. பாரம் தூக்காதேங்கோ" என்றார் அவர். "வண்டிலும் தூக்காதேங்கோ" என்று மனைவி சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் எனக்கு எங்கெங்கே சதை இருக்கிறதென்று தெரிந்தது. தேகாப்பியாசப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருந்த இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நொந்தன. படத்தில் இல்லாத இடங்களும் நொந்தன. என் மனைவி காலையும் மாலையும் சுடுதண்ணீர் வைத்துத் தந்தாள். "போனது ஒரு நோவோடை. வந்தது ஏழு நோவோடை" என்றாள். புதன்கிழமை அளவில் நோவு குறைந்தது. வியாழக்கிழமை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, குனிந்து என் சப்பாத்துக் கயிற்றை நானே கட்டினேன். அதை யாருக்கும் சொல்லவில்லை. அவிழ்த்து இன்னொரு தரம் கட்டிப் பார்த்தேன்.

இரண்டாம் சனி உள்ளங்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் சிரித்ததை யாரும் கண்டதில்லை. அங்கே பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நாலாம் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கெக்கட்டமிட்டுச் சிரித்தேன். அவர் நிற்பாட்டவும் இல்லை, விரைவாக்கவும் இல்லை. வெளியிலிருந்தவர்களுக்கும் சிரிப்புத் தொற்றிவிட்டது. நான் எழும்பி வந்தபோது எல்லாரும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவர்கள் எனக்குப் பொரித்த மீனும் புட்டும் தந்தார்கள். கூடவே இருந்து சாப்பிட்டேன்.

மூன்றாம் சனி மல்லாக்கப் படுக்க வைத்து விலா எலும்புக்குக் கீழே விரல்களை இறக்கினார். அங்கே அவ்வளவாக நோகவில்லை. ஆனால் இரண்டு மூன்று மூச்சுக்குப் பிறகு எனக்குக் கண்ணீர் வரத் தொடங்கியது. எதற்கென்று தெரியவில்லை. யாரும் ஏசவில்லை, யாரும் சாகவில்லை. கண்ணீர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. எழும்ப முயன்றேன். அவர் ஒரு கையால் மெதுவாக மறித்தார்.

"கிடவுங்கோ. சில பேர் அழுவினம். சில பேர் நித்திரை கொள்ளுவினம். போன மாதம் ஒருத்தர் வலை முதலாளிச் சம்மாட்டியைத் தூசணத்தாலை பேசினவர். எல்லாம் வாறதுதான்."

அப்படிக் கிடந்துகொண்டே, கேட்காமலே, நான் உண்மையைச் சொன்னேன். வண்டில் இல்லை, கயிறு என்று சொன்னேன். நங்கூரம் என்று சொன்னேன். புத்தகத்தைப் பற்றியும் ஆறு ஆசிரியர்களைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடித்தபோது நெஞ்சு இலேசாக இருந்தது, ஒரு பெரிய பாவத்தை அறிக்கை செய்துவிட்டதுபோல.

கிடுகு மறைப்புக்கு வெளியிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "வாழைக்குலையை விட்டிட்டியள், மாஸ்ரர்."

மீன்காரர் முதல் சனிக்கு முன்னமே எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தார். நான் முதல் நாள் பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தபோதே, குடியேற்றத்திலிருந்து வருகிற நங்கூரம் இதுதான் என்று கரை முழுக்கத் தெரிந்திருக்கிறது. வண்டில் கதையை நான் அவ்வளவு பாடுபட்டுச் சொன்னபடியால், அதைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

நாலாம் சனி முதுகும் கழுத்தும். எழும்பி நின்றபோது ஏதோ பிழை இருந்தது. வலி இல்லை. ஆனால் நிலம் கிட்ட வந்துவிட்டதுபோல இருந்தது. நெஞ்சு முன்னுக்கு இல்லை. தோள் தொங்குகிறது.

"நான் கட்டையாப் போனன்" என்றேன்.

"இல்லை. இப்பதான் நிக்கிறியள்" என்றார் அவர்.

"நெஞ்சு?"

"அது தன்ரை இடத்திலை இருக்கு."

தென்னை வரைக்கும் நடந்து வந்தேன். நிழலில் இருந்தவர்கள் யாரும் இருமவில்லை. அது எனக்கு நிம்மதியாகவும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வரிசைக்கு முன்னால் நின்று "நிமிர்" என்றேன். பிள்ளைகள் தயங்கினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"சேர், இப்ப நீங்கள் நிக்கிற மாதிரியோ, முந்தி நிண்ட மாதிரியோ?"

எல்லாரையும் ஓடச் சொல்லிவிட்டேன்.

அந்த நாலாம் சனி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோவு தணிந்த சந்தோஷத்தில், வீட்டில் எனக்கு எவ்வளவு நல்ல கவனிப்பு என்று அவர் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கிணறு எங்கள் காணியில் இல்லை, வாய்க்கால் தாண்டிப் போகவேண்டும், என் மனைவி காலையும் மாலையும் கூடுதலாக இரண்டு குடம் அள்ளி வந்து என் நாரிக்குச் சுடுதண்ணீர் வைக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அவாவின்ரை தோள் எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நல்லாயிருக்கிறது என்றேன். பிறகு பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். குசினி அலுமாரியின் மேல் தட்டிலிருந்து எதை எடுத்தாலும் அவள் இடக்கையால்தான் எடுப்பாள். தலை வாரும்போது தலையைக் கைக்குக் கிட்டக் கொண்டுவருவாள், கையைத் தலைக்குக் கொண்டு போகமாட்டாள். இதையெல்லாம் நான் கண்டிருக்கிறேன். அது அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். உடம்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உமக்குத் தோள் நோகிறதோ?"

அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். "வலத்தோள்" என்றாள், விலாசம் சொல்வதுபோல.

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசமிருக்கும்."

"ஏன் சொல்லேல்லை?"

அவள் அரிசித் தண்ணீரை வடித்தாள். "நீங்கள் கேக்கேல்லை. பிறகு உங்களுக்கு நாரி வந்திட்டுது."

ஐந்தாம் சனி இரண்டு பேருமாகப் போனோம். என்னை அவர் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார். என் மனைவியை அவர் மனைவி கிடுகு மறைப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவர் பக்கத்தில் இருந்தேன். சும்மா இருக்கத் தெரியாமல், முதுகில் எத்தனை எலும்பு, அவை எப்படி அடுக்கியிருக்கின்றன என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயிரம் முதுகைத் தொட்டவருக்கு நான் புத்தகத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவர் "ஓமோ" என்று கேட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு தரம் மட்டும் நீளமான ஒரு மூச்சுக் கேட்டது. அவ்வளவு நீளமான மூச்சு எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. பிறகு மெல்லிய குறட்டை.

ஒரு மணித்தியாலம் கழித்து அவர் மனைவி வெளியே வந்து கையைத் துடைத்தார். "உங்களுக்கு அஞ்சு சனி காணும். இவாவுக்கு இன்னும் ஆறேழு வேணும். முதல் இவாவைத்தான் கூட்டி வந்திருக்கவேணும்."

"ஓம் அக்கா" என்றேன்.

"இவாவோடை வேலை செய்யிறது சுகம். கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லுறா."

அதற்கும் "ஓம்" என்றேன். வேறு வழியில்லை.

என் மனைவி அதற்குப் பிறகு ஏழு சனிக்கிழமைகள் போய் வந்தாள். கை தலைக்கு மேலே போகத் தொடங்கியது. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் நோகும் என்பாள். அந்த நாட்களில் தண்ணீர் நான் அள்ளினேன். மற்ற நாட்களிலும் அள்ளியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஐந்தாம் சனி பின்னேரம் திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் அவள் இருந்தாள். மடியில் அவர்கள் தந்த கருவாட்டுப் பார்சல். முகம் தூங்கி எழுந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"வாற சனி நான் தனியப் போட்டு வாறன்" என்றாள்.

"ஏன்? நானும் வாறன்."

"வேண்டாம். நீங்கள் வெளியிலை இருந்து கதைச்சுக்கொண்டே இருந்தியள். எனக்கு ரெண்டு தரம் நித்திரை குழம்பிப்போச்சுது."

பாதி வழியிலிருக்கும் புதுக்குடியிருப்பு வரும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, தோள்மூட்டு எப்படி அமைந்திருக்கிறது என்பதை அவளுக்கு விளக்கத் தொடங்கினேன்.